பல வரத்து, ஒரே கலங்கல்: புதுச்சேரிக் கிராமங்களில் இன்சுலினும் நீரிழிவும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து 2008 முதல் 2020 வரை நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்தன. 31 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் 20 வயதைக் கடந்த 1,13,043 பேரை, அவர்களுள் பெரும்பாலோரைக் கிராமங்களிலிருந்தே, தேர்ந்தெடுத்து நடத்தப்பட்ட அந்த ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடனும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையிலும் வாழ்கிறார்கள் என்று கணக்கிட்டது. வயது வந்தோரில் நீரிழிவு உள்ளவர்களின் விகிதம் நாடு முழுமைக்கும் 11.4 சதவீதமாக இருக்க, கோவாவில் 26.4 சதவீதமாகவும், அதற்கு அடுத்தபடியாகப் புதுச்சேரியில் 26.3 சதவீதமாகவும் இருந்தது. புதுச்சேரியோடு பின்னிக் கிடக்கும் தமிழ்நாட்டில்கூட அது 14.4 சதவீதத்தைத் தாண்டவில்லை.

புதுச்சேரி என்றவுடன் கடற்கரைச் சாலையும் பிரெஞ்சுக் கட்டடங்களும் வெளியூராருக்கு நினைவுக்கு வந்தாலும், வில்லியனூர், பாகூர் வட்டாரங்கள் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளைவித்துவந்த நாட்டுப்புறங்களே ஆகும். பாகூருக்குப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. தவளக்குப்பத்தை அடுத்த அபிஷேகப்பாக்கம் போன்ற ஊர்களோ வயலுக்கும் நகரத்துக்கும் இடைப்பட்ட நிலையில், ஒரு பக்கம் நாற்றங்காலும் மறுபக்கம் வீட்டு மனைகளுமாக மாறிக்கொண்டிருக்கின்றன. இத்தகைய ஊர்களில் ‘சுகர்’ என்ற சொல் தெரியாத வீடு இல்லை என்னும் அளவுக்கு இந்நோய் பரவியதற்குச் சோற்றைக் குற்றம் சொல்வோரும், பரம்பரையைச் சொல்வோரும், காலம் கெட்டுவிட்டது என்று முடித்துவிடுவோரும் உண்டு. இவை ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருந்தாலும், உடலின் ஹார்மோன் அமைப்பிலேயே இருக்கும் ஒரு சமனின்மையைப் புரிந்துகொள்ளாமல் இவற்றை ஒன்றாகப் பொருத்திப் பார்க்க இயலாது. அந்தச் சமனின்மை எது என்பதையும், உழைப்பு மிகுந்த வாழ்வில் அது ஏன் வெளிப்படாமல் இருந்தது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குழாயில்லாத சுரப்பிகள்

உமிழ்நீர்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி போன்றவை தாம் சுரப்பதைச் சிறு குழாய்களின் வழியே உரிய இடத்தில் கொண்டு சேர்க்கின்றன. மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி, கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு, சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் ஆகியவற்றுக்கு அத்தகைய குழாய், அதாவது நாளம், கிடையாது. அவை சுரப்பது நேரே இரத்தத்தில் கலந்துவிடுவதால் நாளமில்லாச் சுரப்பிகள் என்று பெயர் பெற்றன. உடலின் உறுப்பு ஒன்று தான் ஆக்கியதை இரத்தத்துக்குள்ளேயே விடக்கூடும் என்பதை, கல்லீரல் சர்க்கரையை வெளியிடுவதைக் கண்டறிந்த பிரெஞ்சு உடலியலாளர் குளோத் பெர்னார் 1850களில் எடுத்துரைத்து, அதற்கு ‘உட்சுரப்பு’ என்று பெயரிட்டார். அவ்வாறு சுரக்கும் தூதுப் பொருள்களைக் குறிக்க, ‘தூண்டிவிடுதல்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘ஹார்மோன்’ என்ற பெயரை 1905இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய அறிஞர் வழக்குக்குக் கொண்டுவந்தார்.

ஹார்மோன் இரத்தத்தோடு உடல் முழுவதும் சென்றாலும், அதற்குரிய ஏற்பி என்னும் புரதத்தைத் தாங்கிய செல் மட்டுமே அதற்குச் செவிசாய்க்கிறது. ஊர் முழுவதும் கேட்கும்படி தண்டோரா போட்டாலும், தண்ணீர் முறை பற்றிய அறிவிப்புக்கு ஆயக்கட்டு விவசாயி மட்டும் மண்வெட்டியை எடுப்பது போன்றது இது. தூதின் அளவு கூடினால் அதைத் தணிக்கவும், குறைந்தால் கூட்டவும் பெரும்பாலான சுரப்பிகளில் பின்னூட்டம் என்னும் ஏற்பாடு உண்டு. தைராய்டு குறைவாகச் சுரக்கும்போது பிட்யூட்டரி தன் தூண்டு ஹார்மோனை மிகுத்து அனுப்புவதால்தான், தைராய்டு குறைபாடு உள்ளவரின் இரத்தப் பரிசோதனைத் தாளில் டி.எஸ்.எச். என்ற எண் உயர்ந்து காணப்படுகிறது. சர்க்கரையின் கட்டுப்பாடும் இதே வகையைச் சேர்ந்ததுதான் என்றாலும், அதில் கூட்டுவதற்கான ஏற்பாடும் குறைப்பதற்கான ஏற்பாடும் சம வலிமை உடையவை அல்ல.

ஒரு கரண்டிச் சர்க்கரையும் ஒரு தட்டுச் சோறும்

இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கும் கணையம் இருவகைச் சுரப்பியாகவும் இயங்கும் உறுப்பு. அதன் பெரும்பகுதி செரிமான நீரைக் குழாய் வழியே சிறுகுடலுக்கு அனுப்புகிறது. அதனுள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண் திட்டுகள், மொத்த எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே இருந்தாலும், ஹார்மோன்களைச் சுரக்கின்றன. 1869இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் இத்திட்டுகளை நுண்ணோக்கியில் கண்டு விவரித்தபோது அவற்றின் பயன் அவருக்குத் தெரியவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் நாய் ஒன்றின் கணையத்தை அகற்றியபோது அதன் சிறுநீரில் சர்க்கரை இறங்கியதைக் கண்டதும்தான் கணையத்துக்கும் நீரிழிவுக்கும் உள்ள உறவு உறுதிப்பட்டது. 1921–22இல் டொராண்டோவில் பான்டிங், பெஸ்ட், மக்லியாட், காலிப் ஆகிய நால்வரின் முயற்சியால் பிரித்தெடுக்கப்பட்ட இன்சுலின், 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டு, அதுவரை மரண தண்டனையாக இருந்த சிறார் நீரிழிவை வாழத்தக்க நோயாக மாற்றியது.

இன்சுலினின் பணி எத்தகையது என்பதை ஓர் எளிய கணக்கு காட்டும். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. வெறும் வயிற்றில் அதன் ஒவ்வொரு டெசிலிட்டரிலும் 70 முதல் 100 மில்லிகிராம் வரை குளுக்கோஸ் இருப்பது இயல்பு. அப்படியானால் ஓடும் இரத்தம் முழுவதையும் சேர்த்தாலும் அதில் உள்ள குளுக்கோஸ் ஐந்து கிராமுக்கு மேல், அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேல், இராது. நடுப்பகலில் உண்ணும் முந்நூறு கிராம் சோற்றில் ஏறத்தாழ எண்பது கிராம் மாவுச்சத்து இருக்கிறது; செரிமானத்துக்குப் பின் அது குளுக்கோஸாகவே இரத்தத்தை அடைகிறது. ஆக, இரத்தம் ஒரு நேரத்தில் தாங்கிக்கொண்டிருப்பதைப் போலப் பதினாறு மடங்கு சர்க்கரை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அதனுள் வந்து சேர்கிறது. அவ்வளவும் வந்துபோன பின்னும் நலமான ஒருவரின் அளவு இரண்டு மணி நேரத்தில் 140க்குக் கீழே இறங்கிவிடுகிறது.

இது நடைபெறும் முறையில் ஒழுங்கு உண்டு. சோறு குடலை எட்டியவுடன், இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்குக் காத்திராமலேயே, குடற்சுவரின் செல்கள் ஜி.எல்.பி.-1 முதலான ஹார்மோன்களைச் சுரந்து கணையத்துக்கு முன்னறிவிப்புக் கொடுக்கின்றன. திட்டுகளில் உள்ள பீட்டா செல்கள் தமக்குள் நுழையும் குளுக்கோஸை எரித்துப் பார்த்தே அதன் அளவை அறிகின்றன. எரிப்பதால் உண்டாகும் ஆற்றல் பொட்டாசியம் வெளியேறும் வாயில்களை அடைத்து, கால்சியம் நுழையும் வாயில்களைத் திறக்க, சேமித்து வைக்கப்பட்டிருந்த இன்சுலின் வெளியே கொட்டுகிறது. அது முதலில் குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் சிரையில் கலப்பதால், ஏறக்குறைய பாதியைக் கல்லீரலே எடுத்துக்கொண்டு தன் சர்க்கரை வெளியீட்டை நிறுத்திவிட்டு, வருவதைக் கிளைக்கோஜன் என்னும் சேமிப்பு மாவாக அடுக்குகிறது. எஞ்சிய இன்சுலின் தசையையும் கொழுப்புத் திசுவையும் அடைந்து அவற்றின் செல்களின் உள்ளே ஒதுங்கிக் கிடக்கும் குளுக்கோஸ் கடத்திப் புரதங்களைச் செல்லின் மேற்பரப்புக்கு வரச் செய்ய, சர்க்கரை உள்ளே நுழைகிறது.

நான்கு வரத்து வாய்க்கால்கள்

சர்க்கரை குறையும்போது அதை மீட்டெடுக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைப் போலத் தனித்து நிற்பவை அல்ல. முதலாவது, அதே திட்டுகளில் பீட்டா செல்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஆல்ஃபா செல்கள் சுரக்கும் குளுக்ககான். கல்லீரலின் கிளைக்கோஜனைக் கரைத்து இரத்தத்தில் விடும்படி அது ஆணையிடுகிறது. இரண்டாவது, அட்ரினலின். பசி மிகும்போது கைநடுக்கமும் படபடப்பும் வியர்வையும் தோன்றுவது அதனால்தான். மூன்றாவது, அட்ரினல் சுரப்பியின் புறணி சுரக்கும் கார்ட்டிசால். அது தசைப் புரதத்தைக் கரைத்து அதிலிருந்து புதிய குளுக்கோஸை ஆக்கச் செய்கிறது. நான்காவது, பிட்யூட்டரியின் வளர்ச்சி ஹார்மோன். அது கொழுப்பை எரிபொருளாகத் திருப்பிவிட்டு, தசை குளுக்கோஸைத் தொடாதபடி தடுக்கிறது. முதல் இரண்டும் நிமிடக் கணக்கில் இயங்குபவை, பின்னிரண்டும் மணிக் கணக்கில் இயங்குபவை. ஒன்று தவறினாலும் மற்றது தாங்கிக்கொள்ளும்.

மூளை நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோஸைச் செலவழிப்பதும், அதைச் சேமித்து வைக்க அதற்கு வழியில்லாததும் இந்த ஏற்பாட்டுக்குக் காரணம். சர்க்கரை மிகுந்தால் உடல் சிதைய ஆண்டுகள் ஆகும். குறைந்தால் நினைவு தப்ப நிமிடங்களே போதும். மனித இனத்தின் நெடுங்கால வாழ்வில் உணவு மிகுந்த நாள்களைவிடக் குறைந்த நாள்களே அதிகம் என்பதற்குச் சான்றைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. 1876–78இல் சென்னை மாகாணத்தை அழித்த தாது வருடப் பஞ்சம் இப்பகுதிகளின் வாய்மொழி நினைவில் நெடுநாள் தங்கியிருந்தது.

ஏரிப் பாசன நாட்டில் வாழ்வோருக்கு இவ்வமைப்பு புதிதல்ல. வறட்சிக்கு அஞ்சியவர்கள் ஏரிக்குப் பல திசைகளிலிருந்தும் வரத்து வாய்க்கால்களை வெட்டினார்கள். மிகுந்த நீர் வழிந்து அடுத்த ஏரிக்குச் செல்ல ஒரு கலங்கலை அமைத்தார்கள். குருதிச் சர்க்கரையின் ஏரிக்கு வரத்து நான்கு, கலங்கல் ஒன்று. அந்தக் கலங்கல்தான் மிகுதியைக் கல்லீரலுக்கும் கொழுப்புக்கும் அனுப்பிச் சேமிக்கும் இன்சுலின்.

நோயாளிகளைக் குழப்பும் சில அனுபவங்களுக்கு இதிலேயே விடை இருக்கிறது. இரவு இரண்டு இட்லியோடு படுத்தவருக்குக் காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை உயர்ந்திருப்பது, விடியலுக்கு முன் கார்ட்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் ஏறுவதாலும், அவற்றின் தூண்டுதலில் கல்லீரல் விடும் சர்க்கரையைத் தடுக்கப் போதிய இன்சுலின் இல்லாததாலும் நிகழ்கிறது. காய்ச்சலிலும் அறுவைச் சிகிச்சையின் போதும், உண்பது குறைந்திருந்தும், சர்க்கரை கூடுவது நான்கு வாய்க்கால்களும் ஒருசேரத் திறப்பதன் விளைவு. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரைகள் கார்ட்டிசாலின் உறவினர்கள் என்பதால், அவற்றைத் தொடர்ந்து உண்பவருக்கு மறைந்திருந்த நீரிழிவு வெளிப்பட்டுவிடுவதும் உண்டு.

சேற்றில் இருந்த மதகு

ஏரியின் நீர் கலங்கலில் மட்டும் வெளியேறுவதில்லை. மதகு வழியே வயலுக்கும் பாய்கிறது. உடலிலும் அத்தகைய மதகு உண்டு. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் ஆணைக்குக் காத்திராமல், அதே கடத்திப் புரதங்கள் வேறு வழியாகச் செல்லின் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இன்சுலினுக்குச் செவிசாய்க்காத தசையிலும் இவ்வழி பெரும்பாலும் பழுதுபடாமல் இருக்கிறது. உழைப்பு நின்ற பின்னும் சில மணி நேரம் தசை இன்சுலினுக்கு வழக்கத்தைவிடக் கூர்மையாகச் செவிகொடுக்கிறது. மிகுதிக்கு எதிரான இரண்டாவது காவலை உடல் எந்தச் சுரப்பியிலும் வைக்காமல், உழைப்பில் வைத்தது.

கணுக்கால் சேற்றில் புதைய, குனிந்தபடியே பின்னோக்கி நகர்ந்து நாற்று நட்ட பெண்ணின் தொடையும் முதுகும் இடுப்பும் காலை முதல் இடைவிடாமல் குளுக்கோஸை எரித்தன. ஏற்றம் இறைத்தவர், களை பறித்தவர், கதிர் அறுத்துக் கட்டைத் தலையில் சுமந்து களத்துக்கு நடந்தவர் என அத்தனை பேருக்கும் சோறு வந்த வழியிலேயே அதைச் செலவழிக்கும் வேலையும் சேர்ந்தே வந்தது. கேழ்வரகும் கம்பும் கூழாகக் கிடைத்த வீடுகளில் அரிசிச் சோறு விசேஷ நாளுக்குரியதாகவும் இருந்தது. பம்புசெட்டும் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் இருசக்கர வண்டியும் வந்தபோது முதுகொடிக்கும் துன்பம் நீங்கியது. அது நீங்கியதை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் விசேஷ நாளின் வெள்ளைச் சோறு மூன்று வேளைக்கும் உரியதாகி நிலைக்க, மதகு அடைபட்டுவிட்டதால், மிகுதி முழுவதையும் கலங்கல் ஒன்றே தாங்க வேண்டியதாயிற்று. 21 நாடுகளில் 1.3 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2020இல் வெளியான ஆய்வு, வெள்ளை அரிசியை மிகுதியாக உண்பதற்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு தெற்காசியாவில்தான் மிக வலுவாக இருப்பதாகக் காட்டியது.

தூது இருந்தும் கேளாமை

இன்சுலின் சுரக்காததே எல்லா நீரிழிவுக்கும் காரணம் என்ற எண்ணத்தை மாற்றியது 1960ஆம் ஆண்டளவில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் நியூயார்க்கில் உருவாக்கிய அளவீட்டு முறை. கதிரியக்க அணுக்களைக் கொண்டு இரத்தத்தின் மிக நுண்ணிய இன்சுலின் அளவையும் கண்டறிந்த அம்முறை, நடுவயதில் நீரிழிவுக்கு ஆளானோர் பலரின் இரத்தத்தில் இன்சுலின் போதுமான அளவிலோ மிகுந்தோ இருப்பதைக் காட்டியது. யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசும் கிடைத்தது. உடலின் எதிர்ப்பாற்றலே பீட்டா செல்களை அழித்துவிடும் முதல் வகை நீரிழிவில் தூதே இல்லை. பெரும்பாலோருக்கு வரும் இரண்டாம் வகையிலோ தூது இருந்தும் செல்கள் அதைக் கேட்பதில்லை. இக்கேளாமைக்கு இன்சுலின் எதிர்ப்பு என்று பெயர். கல்லீரலிலும் தசையிலும் தேங்கும் கொழுப்பு, ஏற்பியிலிருந்து செல்லின் உள்ளே செல்லும் செய்தியைத் தடுப்பது இதற்கு முக்கியமான காரணம். கணையம் மேலும் மேலும் சுரந்து ஈடுகட்டும் வரை சர்க்கரை இயல்பாகவே இருக்கிறது; பீட்டா செல்கள் களைத்துக் குறையத் தொடங்கும்போதுதான் நோய் வெளிப்படுகிறது.

‘ஒல்லியாக இருப்பவருக்கு ஏன் வந்தது’ என்பது கிராமங்களில் அடிக்கடி எழும் கேள்வி. அதற்கு விடைதரும் ஒரு புகைப்படம் 2004இல் லான்செட் இதழில் வெளியானது. புனேயின் மருத்துவ ஆய்வாளர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கும் அப்படத்தில் இருவரின் உடல் நிறைக் குறியீடும் ஒன்றே, 22.3, ஆனால் உடலில் கொழுப்பின் பங்கு ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதமாகவும் இந்தியருக்கு 21.2 சதவீதமாகவும் இருந்தது. தராசில் ஒத்த எடையுடையவர்கள் உள்ளே ஒத்தவர்களாக இருப்பதில்லை. கருவில் ஊட்டம் குறைந்து எடை குறைவாகப் பிறந்த இந்தியக் குழந்தைகளிடமும் தசை குறைந்து கொழுப்பு ஓரளவு காக்கப்பட்டிருப்பதை யாக்னிக்கின் குழுவினர் காட்டினர். குளுக்கோஸை வாங்கிக்கொள்ள வேண்டிய பெரிய கொள்கலமான தசை தொடக்கத்திலேயே சிறிதாக அமைந்துவிட்டால், பிற்காலத்தில் வயிற்றைச் சுற்றிக் கூடும் சிறிதளவு கொழுப்பும் பெருஞ்சுமையாகிவிடுகிறது. பஞ்சத்தில் உருவான உடல் நிறைவில் வாழ நேர்வதன் விலை இது.

தமிழ்ச் சொல்லான நீரிழிவு, நோயின் முற்றிய நிலையைத் துல்லியமாகக் குறிக்கிறது. இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகம் அதை முழுவதும் மீட்க முடியாமல் வெளியே விடுகிறது. சர்க்கரை தன்னோடு நீரையும் இழுத்துச் செல்வதால் அடிக்கடி சிறுநீர் கழிதலும் அடங்காத தாகமும் உண்டாகின்றன. கலங்கல் போதாமல் கரை மேலே நீர் வழியும் நிலை அது. வெறும் வயிற்றில் 126, குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பின் செய்யும் சோதனையில் 200 என்ற எல்லைகள் அந்நிலைக்கு நெடுநாள் முன்பே நோயைக் காட்டிவிடுகின்றன. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், அதில் ஒட்டியுள்ள சர்க்கரையை அளக்கும் எச்.பி.ஏ.1.சி. சோதனை கடந்த மூன்று மாதங்களின் கணக்கைச் சொல்கிறது. சோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருப்பவரின் உபாயம் அதனிடம் பலிப்பதில்லை.

மதகைத் திறத்தல்

தமிழகம் இந்நோயை எதிர்கொண்டதில் முன்னோடி நிலம். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இல் மருத்துவர் மு. விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். அவர் வழிவந்த அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்தது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதத்தினர் நீரிழிவுக்கு ஆளாக, நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்டவர்களில் 39.3 சதவீதத்தினரே ஆளானார்கள். மெட்ஃபார்மின் மாத்திரை உண்டவர்களில் அது 40.5 சதவீதம், இரண்டையும் சேர்த்தவர்களுக்கும் 39.5 சதவீதமே. பங்கேற்றோர் சராசரியாக மிகப் பருமனானவர்கள் அல்லர். அவர்களின் எடையும் பெரிதாகக் குறையவில்லை. அப்படியிருந்தும் நோய் தள்ளிப்போனதற்கு, அடைபட்ட மதகு ஓரளவேனும் திறந்தது ஒரு விளக்கமாக அமையலாம்.

புதுச்சேரிக்கு இதில் சாதகங்கள் உண்டு. 1823இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் 1964இல் உருவான ஜிப்மர், வில்லியனூர்ப் பகுதியின் இராமநாதபுரத்தில் கிராம நல மையத்தை நடத்துகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாத்திரை விலையின்றிக் கிடைக்கிறது. ஆனால் மாத்திரையும் ஊசியும் பழுதுபார்ப்பது கலங்கலைத்தான். முன்பு கூலிக்கு நட்ட நாற்றிலும் அறுத்த கதிரிலும் தானாகவே கிடைத்துவந்த தசையுழைப்பை இன்று தனியே நேரம் ஒதுக்கித் தேட வேண்டியிருக்கிறது. தொழிற்சாலையின் இரவுப் பணி முடிந்து திரும்புபவருக்கும், நாள் முழுவதும் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கும் ‘தினமும் அரைமணி நேரம் நட’ என்று மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுப்பது எளிது. அவர்கள் இருட்டிய பின் அச்சமின்றி நடக்க விளக்கும், வண்டிகள் உரசாத பாதையும் ஊரில் இருக்கின்றனவா என்பதை அந்தச் சீட்டு கேட்பதில்லை. முள் வெட்டி, மண் போட்டு, மாலையில் பெண்களும் நடக்கத்தக்கதாகச் சீர்செய்யப்படும் ஓர் ஏரிக்கரை, பாகூர்ப் பக்கத்து ஊராட்சிகளின் செலவுக் கணக்கில் பாசனத்தின் கீழ் எழுதப்பட்டாலும், மருத்துவத்தின் கீழும் எழுதத் தக்கது.